குசினி எழுத்து

எங்கள் மகளின் கையெழுத்து இன்றைக்கும் கிளிநொச்சி நகரத்தில் இருக்கிறது. கண்டி வீதியோரத்தில் ஒரு கூல்பாரின் கண்ணாடிக் கதவில் ‘உள்ளே குளிர், வந்து இருங்கோ’ என்று இருக்கிறது. ஒரு கேக் கடையின் பெட்டி மூடியில் ‘மெழுகுதிரியை ஊதிப்போட்டு வெட்டுங்கோ’ என்று இருக்கிறது. மகள்தான் இல்லை. நெல் மூட்டையோடு அந்த வீதியால் போகும்போது நான் முகத்தை மற்றப் பக்கம் திருப்பிக்கொள்வேன். திருப்பிய முகம் தானாகவே திரும்பி வந்து, அதை வாசித்துவிட்டுத்தான் போகும்.

நான் உருத்திரபுரத்தில் வயல் செய்கிறவன். எட்டாம் வகுப்புக்கு மேல் படிக்கக் காலம் விடவில்லை. காலையில் பிள்ளையார் கோயில் முற்றத்தைக் கூட்டி, திருநீறு பூசி, ஒரு பதிகம் சொல்லிவிட்டு வயலுக்குப் போவது என் வழக்கம். எழுத்தின் அழகைப் பற்றி எழுத எனக்குத் தகுதி இல்லை. ஆனால் தன் பிள்ளையின் எழுத்து எப்படி இருந்தது என்று சொல்லப் பெற்றவனுக்குத் தகுதி எதற்கு?

மகள் உயர்தரம் படித்து முடித்ததும் நகரத்தில் ஓர் அச்சுக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கொம்பியூட்டரில் எழுத்து அடித்து, கலியாணக் காட், பிறந்தநாள் பனர், கோயில் நோட்டீஸ் எல்லாம் செய்து கொடுக்கிற கடை. கடைக்காரர் முல்லைத்தீவுப் பக்கத்து முஸ்லிம். இடம்பெயர்ந்து புத்தளத்தில் இருந்துவிட்டுத் திரும்பி வந்த குடும்பம். கடையில் எல்லோரும் அவரை ‘நானா’ என்பார்கள், அவர்கள் பேச்சில் அண்ணன். மகளோடு இன்னொரு பிள்ளையும் அங்கே வேலை செய்தாள். இரண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே மேசை, ஒரே சிரிப்பு.

ஒருநாள் பின்னேரம் மகள் வேலையால் வந்து, சட்டை மாற்றாமல் குசினிக்குள் நின்றபடி சொன்னாள்:

“அப்பா, எங்கட மெசினிலை கிடக்கிற கையெழுத்தெல்லாம் கலியாணத்துக்கு வெளிக்கிட்ட எழுத்து. சுருண்டு வளைஞ்சு நகை போட்டுக்கொண்டு நிக்குது. வீட்டுச் சட்டையோடை நிக்கிற எழுத்து ஒண்டும் இல்லை.”

“வீட்டுச் சட்டையோடை ஆரடி கடைக்குப் போறது?” என்றாள் அடுப்படியில் இருந்து மனைவி.

“அதுதானம்மா, நான் ஒண்டை அனுப்பப்போறன்.”

அப்படியே செய்தாள். சதுரக் கோடு போட்ட கொப்பி ஒன்று வாங்கி வந்து, குசினி மேசையில் இருந்துகொண்டு, ஒரு சதுரத்துக்கு ஓர் எழுத்தாக எழுதினாள். வீட்டில் வெளிச்சம் நன்றாக விழுகிற இடம் அதுதான். மேசையின் மற்ற அந்தலையில் தாய் தேங்காய் திருவுவாள், வெங்காயம் உரிப்பாள். எழுதியதைக் கடைக்குக் கொண்டுபோய்ப் படம் பிடித்து, கொம்பியூட்டருக்குள் ஒவ்வொன்றாக ஏற்றினாளாம். அதன் பிறகு அந்த மெசினில் யார் தட்டினாலும் அவளுடைய எழுத்து வரும். அதற்கு ஒரு பெயர் வைக்க வேண்டும் என்று மெசின் கேட்டதாம். இவள் ‘குசினி’ என்று வைத்துவிட்டாள். அதன் பிறகு கடைக்கு வருகிறவர்களும் “எனக்குக் குசினியிலை அடிச்சுத் தாங்கோ” என்று கேட்கத் தொடங்கினார்களாம். நானா சிரிப்பாராம், “இது அச்சுக்கடையா சாப்பாட்டுக்கடையா எண்டு எனக்கே சந்தேகமாக் கிடக்கு” என்று.

அந்த எழுத்தின் தோற்றத்தை எனக்குத் தெரிந்தபடி சொல்கிறேன். நோட்டீசில் வருகிற வழமையான எழுத்து, மெசினால் வரிசையாக நட்ட நாற்று. ஒரே உயரம், ஒரே இடைவெளி. மகளின் எழுத்து கையால் வீசி விதைத்த வயல். ஒன்று கொஞ்சம் ஏறி நிற்கும், ஒன்று இறங்கி நிற்கும். வரம்பில் நின்று பார்த்தால் எல்லாம் சேர்ந்து ஒரே பச்சை. காற்று ஒரு பக்கத்தால் அடித்தது மாதிரி எல்லா எழுத்தும் சற்று வலப்பக்கம் சாய்ந்திருக்கும். புள்ளியை அவள் புள்ளியாக வைக்கமாட்டாள். பேனை தொட்டுவிட்டு ஓடின மாதிரி ஒரு சின்னக் கீறு. ‘ழ’வின் வால் இறங்கி, அடுத்த எழுத்துக்குக் கீழே போய்ப் படுத்துக்கொள்ளும். ‘ரு’வின் வால் பூனை வால் மாதிரி வளைந்து நிமிரும். நல்ல மனத்தோடு, கொஞ்சம் அவசரத்தில், பக்கத்தில் இருக்கிற ஆளோடு கதைத்துக்கொண்டே எழுதின எழுத்து என்று பார்த்தவுடன் தெரியும்.

அது எங்கே நிற்கலாம், எங்கே நிற்கக் கூடாது என்பதில் அவள் பிடிவாதக்காரி. புதுக்குடியிருப்பில் இருந்து ஒருவர் வந்து, மகனின் கலியாணக் காட் முழுவதையும் குசினியில் அடிக்கச் சொல்லி நின்றாராம்.

“நான் சொன்னனான், ஐயா, பேரையும் முகூர்த்தத்தையும் மண்டபத்தையும் நிமிர்ந்த எழுத்திலை போடுவம் எண்டு. மனுசன் கேக்கேல்லை. பிறகு சொன்னனான், உங்கட சொந்தக்காரர் இதை எழுத்துக்கூட்டி வாசிச்சு முடிக்க முதல் மாப்பிள்ளை தாலியைக் கட்டிப்போடுவார் எண்டு. உடன ஓமெண்டிட்டார்.”

எனக்கும் அதே மறுப்புத்தான் கிடைத்தது. எங்கள் கோயில் திருவிழா நோட்டீசைக் குசினியில் அடித்தால் பெருமையாக இருக்கும் என்று நான் கேட்டேன்.

“பிள்ளையாருக்கு நிமிர்ந்த எழுத்து அப்பா. பூசை நேரம், உபயகாரர் பேர் எல்லாம் தெளிவாய்த் தெரியோணும். இல்லையெண்டால் உங்கட கோயில் பெரியாக்கள் மூக்குக் கண்ணாடியைக் கையிலை வைச்சுக்கொண்டு என்னைத் தேடி வருவினம்.”

எனக்குக் கொஞ்சம் மனவருத்தம்தான். ஆனால் நோட்டீஸ் வந்தபோது பார்த்தேன். எல்லாம் நிமிர்ந்த எழுத்து. அடியில், ஓரமாக, ஒரே ஒரு சொல் அவளுடைய எழுத்தில்: ‘வந்திடுங்கோ’. அந்த வருடம் வீதியில் கண்டவர்கள் என்னிடம் சொன்னார்கள், அந்தச் சொல்லைத் தங்களுக்கென்றே யாரோ எழுதின மாதிரி இருந்தது என்று. அதை நான் வந்து சொன்னபோது அவளுக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

“அதுதான் அப்பா இதின்ர வேலை. இது ஊருக்குச் சொல்லுற எழுத்தில்லை, ஒராளுக்குச் சொல்லுற எழுத்து. ரெண்டு சொல்லு, மூண்டு சொல்லு, அவ்வளவுதான். வாயாலை சொல்லுறது எதுவோ அதைத்தான் இதிலை போடலாம்.”

இந்தச் சொற்களை நான் மறக்காமல் இருக்கிறேன். பிறகு நடந்தது இந்தச் சொற்படிதான் நடந்தது.

மெசினுக்குப் போக முன்னமே அந்த எழுத்து எங்கள் வீட்டில் ஒருவருக்கு மட்டும் தினமும் வந்துகொண்டிருந்தது. மகள் மத்தியானச் சாப்பாட்டைப் பெட்டியில் கட்டிக்கொண்டு போவாள். பின்னேரம் பெட்டியைக் கழுவி, கடையில் வெட்டிக் கழித்த அட்டைத் துண்டு ஒன்றில் ஏதாவது எழுதி உள்ளே போட்டுக்கொண்டு வருவாள். ‘நானாவும் ஒரு கரண்டி எடுத்தவர்.’ ‘கத்தரிக்காய் இனி ஒரு மாசத்துக்கு வேண்டாம்.’ அநேகமான நாட்களில், உப்பு அதிகம் என்ற முறைப்பாடு: ‘உப்புக் கூட அம்மா. புளி நல்லாய்க் கிடக்கு.’ வந்து வாயால் சொல்லலாம்தானே பிள்ளை என்று நான் கேட்டால், “சொன்னால் அம்மா சண்டைக்கு வருவா. எழுதினால் சிரிப்பா” என்பாள். உண்மைதான். மனைவி வாசித்துச் சிரிப்பாள். “உனக்கு நாக்கு நீளம், போற வீட்டிலை வாங்கிக் கட்டுவாய்” என்பாள். வாசித்த துண்டை அடுப்புக்குள் போட்டுவிட்டுப் பெட்டியைக் கவிழ்த்து வைப்பாள். ஒன்றைத்தானும் அவள் எடுத்து வைக்கவில்லை. நாளைக்கும் வரப்போகிற துண்டை யார் எடுத்து வைப்பார்கள்?

கார்த்திகை மழையோடு மகள் மறுபடியும் சதுரக் கொப்பியை எடுத்துக்கொண்டு குசினி மேசையில் இருந்தாள்.

“ஏனடி, எழுதி முடிச்சிட்டாய்தானே? பேந்தும் என்ன?” என்று தாய் கேட்டாள்.

“கள்ளம் பிடிபடாமல் இருக்கோணும் அம்மா” என்றாள் மகள், தலை நிமிராமல்.

தாய் சிரித்தாள். நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். என்ன கள்ளம் என்று இருவரும் கேட்கவில்லை. கறிக்கு நேரமாகியிருந்தது.

மார்கழியில் காய்ச்சல் வந்தது. காலையில் நான்தான் மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மனைவி மார்கழிப் பூசைக்குக் கோயிலுக்குப் போயிருந்தாள். அம்மா வரட்டும், சொல்லிவிட்டுப் போவோமா என்று கேட்டேன். “மத்தியானம் வந்திடுவம்தானே அப்பா” என்றாள் மகள். டெங்கு என்றார்கள். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோனார்கள். பார்த்தவர்கள் தங்களால் ஆனதெல்லாம் செய்தார்கள். குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. மனைவி வந்து சேர்ந்தபோது பிள்ளைக்கு நினைவு இல்லை. அதற்குப் பிறகு கண் திறக்கவில்லை. சிவபெருமான் கொடுத்தார், அவரே எடுத்துக்கொண்டார் என்று சொல்ல எனக்குத் தெரியும். எத்தனையோ செத்த வீடுகளில் சொல்லியிருக்கிறேன். அன்றைக்கு அது தொண்டைக்கு மேலே வரவில்லை.

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் மரணம் என்றால் சந்தியிலும் ஒழுங்கை முகப்பிலும் வீட்டு வாசல் படலையிலும் கண்ணீர் அஞ்சலிப் பனர் கட்டுவார்கள். உறவுக்காரர் ஒன்று, விளையாட்டுக் கழகம் ஒன்று, வேலை செய்த இடம் ஒன்று என்று வரும். மகள் வேலை செய்த கடையில் இருந்தும் காலையில் ஒரு பனர் வந்தது. எங்கள் படலையில் கட்டினார்கள். நடுவில் பிள்ளையின் படம். மேலே நிமிர்ந்த எழுத்தில் கண்ணீர் அஞ்சலி. பெயர், ஊர், எல்லாம் தெளிவாக. படத்துக்குக் கீழே, குசினி எழுத்தில்:

‘அம்மா, போட்டு வாறன். எல்லாரும் சந்தோசமாய் இருங்கோ.’

மேசைக் கூட்டாளிப் பிள்ளை செய்தது அது. மகள் தினமும் பின்னேரம் கடையை விட்டு இறங்கும்போது, “எல்லாருக்கும் போட்டு வாறன்” என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவாளாம். போய்விட்டு வருகிறேன் என்பதுதான் அது, வெறுமனே போகிறேன் என்று எங்கள் ஆட்கள் சொல்வதில்லையே. அந்தச் சொல் காதில் இருந்திருக்கிறது. பிள்ளை அழுதழுது அதை அடித்திருக்கிறது. மகள் சொல்லிக்கொடுத்தபடிதான்: ஐந்தாறு சொல், வாயால் சொல்கிற சொல், ஒராளுக்குச் சொல்கிற சொல்.

எங்கள் வழக்கத்தில் பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. பாடையின் பின்னால் படலை மட்டும் வந்து, அங்கே நின்றுவிடுவார்கள். மனைவியை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு படலைக்கு வந்தார்கள். பாடை வெளியே போனது. அவள் நிமிர்ந்து பார்த்தாள். கண்ணுக்கு நேரே பனர்.

அழுகை நின்றுவிட்டது. நான் கொள்ளிக்குடத்தோடு ஒழுங்கையில் நின்றேன். அவளின் குரல் கேட்டுத் திரும்பினேன்.

“இது பிள்ளை எழுதினது.”

பக்கத்தில் நின்ற ஒரு மாமி, ஆறுதல் சொல்வதாக நினைத்து, “அதுக்கு முன்னமே தெரிஞ்சிருக்கு பிள்ளை. தெய்வப்பிறவி. சொல்லிப்போட்டுத்தான் போயிருக்கு” என்றாள். இன்னொருத்தியும் ஓம் ஓம் என்றாள்.

அந்த வார்த்தை மனைவிக்குள் இறங்கி வேர் விட்டுவிட்டது.

நாலைந்து நாட்களாக எனக்கு விளங்கவில்லை. சாமியறையில் விளக்கு வைக்கமாட்டாள். குசினி மேசையில் ஒரு தேங்காயை முன்னால் வைத்துக்கொண்டு, உடைக்காமல் இருப்பாள். ஒருநாள் நானே உடைக்கப் போனபோது சொன்னாள்:

“எனக்கு முன்னாலை இருந்துதான் எழுதினவள். நான் இதிலை இருந்து தேங்காய் திருவினனான். என்னத்தையடி எழுதுறாய் எண்டு எட்டிப் பாத்தனானே? அண்டைக்கு வாய் திறந்து சொன்னவள், கள்ளம் பிடிபடாமல் இருக்கோணும் எண்டு. தான் போகப்போறதை எனக்கு ஒளிச்சிருக்கிறாள். நான் பேய்ச்சி, பல்லைக் காட்டிச் சிரிச்சனான்.”

நான் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு சொல்லிப் பார்த்தேன். அது அவள் எழுதியதில்லை, அவளுடைய எழுத்து மெசினுக்குள் இருக்கிறது, யார் தட்டினாலும் வரும், அந்தப் பிள்ளைதான் அடித்தது என்று.

“கையில்லாமல் கையெழுத்தோ?” என்றாள். “என்ர பிள்ளையின்ர எழுத்து எனக்குத் தெரியாதோ? ஆறுதலுக்கு எண்டு பொய் சொல்லாதேங்கோ. நீங்கள் விரதம் பிடிக்கிற மனுசன்.”

எழுத்தை அவளுக்குத் தெரிந்த அளவு எனக்குத் தெரியாது என்பது உண்மை. மெசினுக்குள் அது எப்படி இருக்கிறது என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? பிள்ளையாரிடம் போய் நின்றேன். பிள்ளையைத் திருப்பிக் கேட்கவில்லை, அதற்கு வழி இல்லை. இவளுக்குள் இருக்கிற முள்ளை மட்டும் எடுத்துவிடு அப்பனே என்று கேட்டேன்.

முப்பத்தோராம் நாளுக்குக் கல்வெட்டு அடிக்க வேண்டியிருந்தது. இறந்தவரின் படம், பிறப்பு வளர்ப்பு, இரங்கல் பாட்டுகள், தோத்திரங்கள் எல்லாம் வைத்து அச்சடித்து, அன்றைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கிற சின்னப் புத்தகத்தைத்தான் நாங்கள் கல்வெட்டு என்போம். ஒருவர் அதைப் பண்ணோடு பாடுவார், சனம் கேட்டு அழும். வேறு கடைக்குப் போக மனம் வரவில்லை. நானாவிடமே போனேன். கல்வெட்டு அலுவல் கதைக்கப் போனவன், மனைவியின் கதையைச் சொல்லிவிட்டேன்.

நானா எழும்பி நின்றுவிட்டார். “நாங்க நல்லதெண்டு நினைச்சுத்தான் செஞ்சம் ஐயா. அந்தத் தாய்ட மனசு இப்படிப் போகுமெண்டு அல்லாஹ் மேல ஆணையா நினைக்கல்ல.” பிறகு சொன்னார்: “நீங்க சொல்லி ஏலாது. ஒருக்கா கூட்டிக்கொண்டு வாங்க. கண்ணால பாக்கட்டும்.”

மனைவி வர மறுத்தாள். பிள்ளையின் கதிரையைப் பார்க்க என்னால் ஏலாது என்றாள். கல்வெட்டில் உன் கண் படாவிட்டால் பிழை வந்துவிடும் என்று சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

மேசைக் கூட்டாளிப் பிள்ளை எங்களைக் கண்டதும் அழத் தொடங்கிவிட்டாள். மனைவி அழவில்லை. மகளின் கதிரையில் இருக்கச் சொன்னபோது இருக்காமல், அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

“அன்ரி, பனரிலை அதைப் போட்டது நான்தான். அவா எழுதேல்லை அன்ரி. இஞ்ச பாருங்கோ, நான் அடிச்சுக் காட்டுறன். என்னத்தை அடிக்க? நீங்களே சொல்லுங்கோ.”

கடைக்குள் ஒரு மெசின் தன்பாட்டில் கடதாசி தள்ளிக்கொண்டிருந்தது. யாரோ வாசலில் வந்து போட்டோக் கொப்பி கேட்டார்கள். நானா கையைக் காட்டி நிற்கச் சொன்னார். பிறகு மனைவி, யாரையும் பாராமல், தாழ்ந்த குரலில் சொன்னாள்:

“உப்புக் கூட அம்மா. புளி நல்லாய்க் கிடக்கு.”

அந்தப் பிள்ளைக்கு விளங்கவில்லை, என்னைப் பார்த்தாள். அடி பிள்ளை என்றேன். தட்டத் தட்ட, ஒவ்வொரு எழுத்தாக, எங்கள் மகள் எழுதிக்கொண்டு வந்தாள். சாய்ந்து, ஏறி, இறங்கி, புள்ளிக்குப் பதிலாகக் கீறு போட்டு. பக்கத்தில் கை இல்லை. மனைவி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினாள். நானும் மெசினை அன்றைக்குத்தான் முதன்முதலாகப் பார்க்கிறேன். பிள்ளை அதைக் கடதாசியில் எடுத்து, துண்டாக வெட்டி, மனைவியின் கையில் கொடுத்தாள்.

மனைவி துண்டை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தாள், தள்ளிப் பிடித்தாள். நான் நினைத்தேன், இனி இதை நெஞ்சோடு வைத்துக்கொண்டு அழப்போகிறாள் என்று. அவள் விரலை ஓர் எழுத்தில் வைத்தாள். பிறகு இன்னொன்றில் வைத்தாள். மறுபடி முதலாவதில்.

“இந்தப் ‘பு’வும் அந்தப் ‘பு’வும் ஒண்டு.”

“ஓம் அன்ரி...”

“அச்சு வார்த்த மாதிரி ஒண்டு. அவள் அப்பிடி எழுதமாட்டாள். முதல் எழுதேக்க வால் நீட்டுவாள், ரெண்டாந்தரம் அலுப்பிலை குறுக்கிப்போடுவாள். ஒருநாளும் ரெண்டும் ஒண்டாய் இருந்ததில்லை. எத்தினை துண்டு வாசிச்சனான்.” துண்டை மேசையில் வைத்தாள். “இது அவள் எழுதேல்லை.”

அந்தப் பிள்ளை அழுகையோடு சிரித்தே விட்டாள். “அதைத்தான் அன்ரி அவாவும் சொல்லுறவா! ஒரே எழுத்து ரெண்டு தரம் வந்தால் கள்ளம் பிடிபட்டிடுமாம். மெசின் எழுத்தெண்டு தெரிஞ்சிடுமாம். அதுதான் ஒவ்வொரு எழுத்தையும் மூண்டு நாலு விதமாய்த் திரும்ப எழுதிக்கொண்டிருந்தவா, மாத்தி மாத்தி வரப் பண்ணுறதுக்கு. முடிக்கேல்லை. அதுக்குள்ளை...”

மனைவி அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். “கள்ளம் எண்டது அதையோ?”

“ஓம் அன்ரி.”

“அப்ப அவளுக்குத் தெரியாதோ?”

“என்னது?”

“தான் போகப்போறது.”

“ஐயோ தெரியாது அன்ரி! சித்திரைக்குப் பிறகு எனக்குக் கலியாணம். என்ர காட்டை வேற ஒருத்தரும் தொடக்கூடாது, தான்தான் செய்வன் எண்டு நானாவோடை சண்டை பிடிச்சவா. சேலை நிறமும் பாத்து வைச்சவா. ஒண்டும் தெரியாது.”

மனைவி கதிரையில் இருந்தாள். மகளின் கதிரை. அதற்குப் பிறகுதான் தண்ணீர் கேட்டுக் குடித்தாள். எழும்பும்போது மேசையில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்தபோது படலையடியில் மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கி, நேரே பனருக்குப் போனாள். அண்ணாந்து நின்று விரலால் தேடினாள். ‘எல்லாரும்’ என்பதில் இருக்கிற ‘ரு’வைத் தொட்டாள். ‘இருங்கோ’வில் இருக்கிற ‘ரு’வைத் தொட்டாள். இரண்டு பூனை வாலும் ஒன்றுபோலவே வளைந்து நின்றன.

“ஓம். இதுவும் அவள் எழுதேல்லை.”

எனக்குள் பெரிய பாரம் இறங்கின மாதிரி இருந்தது. பிள்ளையாரே என்று கும்பிடக் கை எடுத்தேன். அப்போது அவள் என் பக்கம் திரும்பினாள். செத்த வீட்டன்று படலையில் நின்றுபோன அழுகை, அன்றைக்குத்தான் மிச்சமாக வந்தது.

“அவள் எனக்கு ஒண்டும் ஒளிக்கேல்லை. அது நல்லது. ஆனா இஞ்சேருங்கோ, அப்ப அவள் போட்டு வாறன் எண்டு எனக்குச் சொல்லாமல்தானே போனவள்.”

நான் எடுத்த கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றேன். எந்த முள்ளை எடுக்கச் சொல்லிக் கேட்டேனோ அது வெளியே வந்துவிட்டது. அந்த முள் ஒரு காயத்தை அடைத்துக்கொண்டும் இருந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது.

அன்றைக்கு அவள் விளக்கு வைத்தாள். குசினிக்குள் போய், இடுப்பில் செருகியிருந்த அந்தத் துண்டை எடுத்து இன்னொருக்கால் வாசித்தாள். பிறகு, முந்தின துண்டுகளை எல்லாம் போட்ட மாதிரியே, அடுப்புக்குள் போட்டாள். அன்றில் இருந்து எங்கள் வீட்டுக் கறியில் உப்புக் குறைவு. நான் மேலதிகமாகப் போட்டுக்கொள்வதில்லை.

கல்வெட்டை நானா தானே கொண்டு வந்து தந்தார். முழுவதும் நிமிர்ந்த எழுத்து. பாடியவர் ஓரிடத்திலும் தடக்கவில்லை. எல்லாம் முடிந்து ஆட்கள் கலைந்த பிறகு, நானா முற்றத்தில் நின்று தயங்கித் தயங்கிக் கேட்டார், அந்த எழுத்தை மெசினில் இருந்து எடுத்துவிடவா என்று. நான் மனைவியைப் பார்த்தேன்.

“எடுக்காதேங்கோ தம்பி. பிறந்தநாளுக்குப் போடுங்கோ. கலியாணத்துக்குப் போடுங்கோ. சின்னப் பிள்ளையளின்ர கேக்கிலை போடுங்கோ. செத்த வீட்டுக்கு மட்டும் என்ர பிள்ளையை எழுத விடாதேங்கோ.”

“இல்லம்மா. இனி இல்ல.” அவர் சொன்னபடியே நடக்கிறார்.

பனரை அன்றைக்குக் கழற்றினேன். எங்கள் பக்கத்தில் பழைய பனரை யாரும் வீசுவதில்லை. நெல்லுக் காயப்போடுவார்கள், விறகுக்கு மூடுவார்கள். இதை நான் சுருட்டி அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். பாதியில் நின்ற சதுரக் கொப்பி குசினி மேசையிலேயே இருக்கிறது. அதில் ‘அ’ நாலு விதம், ‘ம’ நாலு விதம், ‘ரு’ மூன்று விதம். எல்லாம் அவள் கைபட்டது, ஒன்றுக்கு ஒன்று வேறு. ஆனால் ஒன்றும் சேர்ந்து ஒரு சொல்லாக நிற்கவில்லை.

போன கிழமை அந்தப் பிள்ளை தன் கலியாணக் காட்டைக் கொண்டு வந்தாள். ஒரு வருடம் முடிந்து வருகிற ஆட்டைத் திவசம் முடியாமல் நாங்கள் நல்ல காரியத்துக்குப் போவதில்லை. அது அவளுக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான் கொண்டு வந்தாள். படிக்கட்டில் இருந்து தேத்தண்ணி குடித்துவிட்டுப் போனாள். போகும்போது, “அன்ரி, போட்டு வாறன்” என்றாள். மனைவி படலை மட்டும் போய் நின்று பார்த்துவிட்டு வந்தாள்.

காட்டைப் பிரித்தோம். பேர், முகூர்த்தம், மண்டபம் எல்லாம் நிமிர்ந்த எழுத்து. அடியில், ஓரமாக, ஒரே ஒரு சொல் குசினியில்: ‘வந்திடுங்கோ’.

மனைவி விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் போனாள். முடிவு மட்டும் போய், திரும்பவும் முதலில் இருந்து போனாள்.

“இதிலை ஒரெழுத்தும் ரெண்டு தரம் வரேல்லை” என்றாள். “இதிலை கள்ளம் பிடிக்கேலாது.”

அந்தக் காட்டை அவள் அடுப்பில் போடவில்லை. சாமியறையில், மகளின் படத்துக்குக் கீழே நிமிர்த்தி வைத்துவிட்டு, தேங்காய் திருவப் போனாள்.